எட்டாவது கை

இந்த மாத இரவுச் சவாரிக்குக் கருப்பொருள் கடல்.
அறிவித்தவள் ரோஸ்மெரி, சைக்கிள் கடைக்காரி.
அறிவித்த ஊர் கொச்சபம்பா,
எட்டாயிரம் அடி உயரத்தில்
எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை.

கடல் நிலத்தைக் கொண்டுபோகும் என்பார்கள்.
எங்களுக்கு நடந்தது மறுதலை.
பாட்டனுக்குப் பாட்டன் காலத்துப் போரில்
கடலே கரையோடு கைமாறிப் போயிற்று.
மார்ச் மாதந்தோறும் பள்ளிக்கூடங்கள்
அதற்கு ஊர்வலம் விடும்.
ஏழு வயதில் நான்
நீலத் துணியின் ஒரு முனையைப் பிடித்து நடந்தேன்.
மறுமுனையில் யார் என்று ஞாபகமில்லை.

பகலில் எனக்குப் பொய்ப்பல் செய்யும் வேலை.
நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை மாவு.
மூன்று இரவு கண்விழித்து
பழைய காலுறைகளில் பஞ்சடைத்து
ஆறு கைகள் தைத்தேன்.
சொந்தக் கை இரண்டு. ஆக, ஆக்டோபஸ்.
எண்சாண் உடம்புக்கு எட்டுக் கை.
கடைசிக் கைக்கு உறை போதாமல்
அண்ணனின் கால்பந்து உறை,
சிவப்புக் கோடு போட்டது.

ஒன்பதரைக்கு பிராடோவில் கூடினோம், நாற்பது பேர்.
லிம்பெர்ட் ஒரு திமிங்கலம்,
குளிர்பெட்டி வந்த அட்டைக்குள்.
பக்கவாட்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று
கிளம்பும் முன்பே விழுந்த நண்டுகள் இரண்டு.
நெற்றியில் பாட்டில் விளக்கு தொங்க
ஆழ்கடல் மீனாக ஒரு சிறுமி.
டெல்ஃபின் வேடமே போடவில்லை,
"பெயரே டால்பின், வேறென்ன வேண்டும்?"
கிரோவரின் சீருடை மட்டும் நிஜம்.
கடற்படையில் இரண்டு வருடம் இருந்தவர்,
ஏரியில்.
வயிற்றுப் பித்தான் இப்போது எட்டவில்லை.

கிளம்பினோம்.
நாற்பது சங்கிலி ஒருசேர ஓடும் ஓசை
தகரக் கூரைக்கு மழை நடந்து வருவதுபோல.
மினிபஸ்காரன் ஹாரனை அழுத்தி
பிறகு அழுத்தியபடியே சிரித்தான்.
மாட்டிதயம் சுடும் பெண்
விசிறியை நிறுத்திக் கேட்டாள்:
"கடல் எந்தப் பக்கம்?"
"நேரே போய் இடது" என்றது திமிங்கலம்.

நாய்களுக்கு வேடம் புரியாது, சக்கரம் புரியும்.
மீன்களை நாய்கள் துரத்திய கடல்
இது ஒன்றுதான் இருக்கும்.

சந்தையின் இழுத்து மூடிய கதவுகள் தாண்டி,
காய்கறிக் கழிவில் டயர் வழுக்கும் சந்தில்
என் எட்டாவது கை சங்கிலிக்குள் போனது.

"நில்லுங்க" என்றேன், பாதிக் குரலில்.
அது வாய்க்கு வாய் மாறி முன்னால் ஓடிற்று.
சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக நின்றன,
பிறகு வெள்ளை விளக்குகளாகத் திரும்பின.
யாரையும் எனக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரியாது.
கிரோவர் சீருடையோடு மண்டியிட்டார்.
பின்னோக்கி மிதித்துப் பார்த்தார். வரவில்லை.
"மன்னிக்கணும் அம்மா, வெட்டித்தான் ஆகணும்."
நுனிக்கத்தி. ஒரே இழுப்பு.

பஞ்சு கொட்டியது.
காற்று எடுத்து அதைத் தரையோடு தள்ள
பாட்டில் விளக்கைத் தாழ்த்தி
சிறுமி கேட்டாள், "நுரை இப்படித்தான் இருக்குமா?"

கடலைப் பார்த்தவர்கள் எங்களில் சிலர்தான்.
அரிக்கா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் டெல்ஃபின்.
கொஞ்ச நேரம் பஞ்சையே பார்த்திருந்தார்.
"இல்லைம்மா. அது உடனே போயிடும்."

அலலாய் ஏரியை அடைந்தபோது பதினொன்றரை.
ஏரி நாறியது, எப்போதும்போல.
திமிங்கலம் வாயிற்கதவுக்குள் நுழையவில்லை,
வெளியிலேயே நின்று ரொட்டி தின்றது.
கொசுக்களுக்கு எங்கள் எல்லோரையும் பிடித்திருந்தது.
யாரோ ஒரு கல்லெறிந்தார்கள்.
வட்டம் கரைக்கு வரும்வரை
ஒருவரும் பேசவில்லை.
அடுத்த மாதம் பல் என்று வைக்கலாம் என்றேன்.
ரோஸ்மெரி யோசிப்பதாகச் சொன்னாள்.

தனியாகத் திரும்பினேன், ஏழு கைகளோடு.
சந்தில் பஞ்சு அப்படியே கிடந்தது.
சிவப்புக் கோட்டு உறையைக் கவ்விக்கொண்டு
ஒரு நாய்
எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது,
துரத்த ஒன்றுமில்லாத நடையில்.